கோப்பின் பாதையும் நிரலின் கடமையும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடையில் கணினிக் கோப்புகளின் பாதையைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வியக்கக்கூடும். இது சிறிய பொருள்தான். எனினும் இச்சிறிய பொருளால் நம் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை ஓராண்டு தவறிப்போக இருந்தது. அந்நிகழ்ச்சியைப் பெரியோர் சிலர் அறிவர். இளைஞர் பலர் அறியார். நாம் செய்த பிழையை நாமே எடுத்துரைப்பது பின்வருவோர்க்குப் பயன்படும் என்னும் கருத்தினாலேயே இப்பொருளைத் தேர்ந்துகொண்டோம்.

1944-ஆம் ஆண்டில், அண்ணல் அம்பேத்கர் அவர்கள் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக விளங்கிய காலத்தில், நம் மாணவர்க்கென மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. இன்றளவும் நம் இல்லங்களில் கல்லூரிப் படியேறும் பிள்ளைகளுக்கு அத்திட்டமே ஊன்றுகோல். அதைப் பெறுவதற்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் வேண்டும். தீப்பெட்டி ஆலையிலும் பட்டாசு ஆலையிலும் மருந்து படிந்த கையோடு உழைக்கும் தாய்மார்கள், ஒருநாள் கூலியை இழந்து, அலுவலகப் படிகளில் காத்திருந்து பெற்றுவரும் தாள்கள் அவை. அத்தாள்களை வருடியில் இட்டுக் கணினியில் சேமித்து, எவரிடம் எந்தச் சான்று இருக்கிறது, எது இல்லை எனப் பட்டியலிடும் பணியைச் சில ஆண்டுகளுக்கு முன் நம் மாலை வகுப்பு ஏற்றுக்கொண்டது. அதற்காகப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் நாமே ஒரு நிரல் எழுதினோம். அந்நிரல் மூன்று முறை பொய் சொல்லிற்று. மூன்று முறையும் அது சொன்ன பொய் ஒரே சொல்தான்: "இல்லை."

பாதை என்பது யாது?

கணினியில் ஒவ்வொரு கோப்பும் ஓர் உறைக்குள் இருக்கிறது. அவ்வுறை மற்றோர் உறைக்குள் இருக்கிறது. வேரிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறுகிளை எனச் சென்று இலையை அடைவது போல, உறைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கோப்பைச் சென்றடையும் முகவரியே பாதை எனப்படுவது.

முகவரி எழுதும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். நாம் கதவு எண்ணில் தொடங்கித் தெரு, ஊர், மாவட்டம் எனப் பெரிதை நோக்கிச் செல்கிறோம். ஜப்பானியர் பெரும்பகுதியில் தொடங்கி வீட்டில் முடிக்கின்றனர். இரண்டும் முகவரியே, எழுதும் வழக்கு மட்டுமே வேறு. கணினியின் இயங்குதளங்களுக்கும் இவ்வாறே வேறு வேறு வழக்குகள் உண்டு.

1960-களில் உருவான மல்டிக்ஸ் என்னும் இயங்குதளம் உறைக்குள் உறை என்னும் மர அமைப்பைக் கொண்டுவந்தது. பெயர்களைப் பிரிக்க அது > என்னும் குறியைக் கையாண்டது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், முன்சாய்வுக் கோட்டை, அதாவது / என்பதைப் பிரிகுறியாகக் கொண்டது. லினக்ஸ் அதன் வழி வந்தது. 1981-இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் இயங்குதளத்தின் முதற் பதிப்பில் உறைக்குள் உறை என்னும் அமைப்பே இல்லை. முன்சாய்வுக் கோடோ, கட்டளைகளுக்குரிய விருப்பங்களைக் குறிக்கும் வேலைக்கு அங்கு ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருந்தது. 1983-இல் அதன் இரண்டாம் பதிப்பில் உறைகள் வந்தபொழுது, முன்சாய்வுக் கோட்டுக்கு ஓய்வில்லாமையால், பின்சாய்வுக் கோடு, அதாவது \ என்பது பிரிகுறியாயிற்று. விண்டோசும் அதையே பின்பற்றியது. ஆப்பிள் நிறுவனத்தின் பழைய மேக்கிண்டாஷ் கணினிகள் முக்காற்புள்ளியைக் கையாண்டன. 2001 முதல் மேக் இயங்குதளம் யூனிக்ஸ் அடித்தளத்துக்கு மாறிற்று.

இவற்றுள் எந்த வழக்கும் ஆழ்ந்த அறிவியல் காரணத்தால் அமைந்ததன்று. அன்றைக்கு எந்தக் குறி கையில் இருந்ததோ அது அமர்ந்தது. அமர்ந்தபின் எழுப்ப இயலவில்லை. பழக்கம் பழையதாகிவிட்டால் அதை இயற்கை எனக் கருதிவிடும் மயக்கம் மனிதர்க்கு எல்லாத் துறையிலும் உண்டு. நாம் அதை நன்கறிவோம்.

முதல் பொய்

நம் கழகத்தில் இருந்த மேசைக் கணினி விண்டோசில் இயங்குவது. மாவட்டத்தின் பதினொரு ஊராட்சி ஒன்றியங்களுக்கும் தனித்தனி உறை அமைத்து, ஒன்றியத்தின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இட்டோம். நிரலிலும் ஒவ்வோர் உறையின் பாதையையும் பின்சாய்வுக் கோடு இட்டு எழுதினோம். பட்டியல் வந்தது. சிவகாசி, சாத்தூர், காரியாபட்டி, திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஐந்து ஒன்றியங்களின் பிள்ளைகளுக்குச் சான்றுகள் சரியாக இருந்தன. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை, ராஜபாளையம், விருதுநகர், வெம்பக்கோட்டை ஆகிய ஆறு ஒன்றியங்களின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நேராக "இல்லை" என்றே அச்சாகியிருந்தது.

தாள்களை நாமே கையால் வாங்கி வருடியில் இட்டவர்கள். உறையைத் திறந்தால் கோப்புகள் கண்முன் இருக்கின்றன. நிரலோ இல்லை என்கிறது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் சென்றன.

காரணம் இது. ரிட்சி உருவாக்கிய சி மொழியிலும் அதன் வழிவந்த பல மொழிகளிலும், எழுத்துச் சரத்துக்குள் வரும் பின்சாய்வுக் கோட்டுக்குத் தனிப்பொருள் உண்டு. அது தன்னை அடுத்து வரும் எழுத்தைத் தழுவி, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியாக மாறிவிடும். அடுத்து வருவது ஆங்கில 'என்' ஆயின் புதுவரி. 'டி' ஆயின் தத்தல் இடைவெளி. 'ஏ' ஆயின் மணியோசை. 'ஆர்' ஆயின் வரியின் தொடக்கத்துக்குத் திரும்புதல். 'வி' ஆயின் செங்குத்துத் தத்தல். நரிக்குடி 'என்' எழுத்தில் தொடங்குகிறது, திருச்சுழி 'டி' எழுத்தில், அருப்புக்கோட்டை 'ஏ', ராஜபாளையம் 'ஆர்', விருதுநகரும் வெம்பக்கோட்டையும் 'வி'. ஆறு ஊர்களின் முதலெழுத்தும் விழுங்கப்பட்டது. சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் ஆகியவற்றின் 'எஸ்' எழுத்துக்கும், காரியாபட்டியின் 'கே' எழுத்துக்கும் அத்தகைய தனிப்பொருள் இல்லை. வத்திராயிருப்பை ஆங்கிலத்தில் 'டபிள்யூ' இட்டு எழுதும் வழக்கத்தால் அதுவும் தப்பிற்று. விண்டோஸ் கணினியில் பயனர்களின் உறை 'யூசர்ஸ்' என்னும் பெயருடையது. பின்சாய்வுக் கோட்டை அடுத்துப் பெரிய 'யூ' வந்தால் பைத்தான் நிரலையே ஏற்க மறுத்துவிடும். புதிதாகக் கற்போர் பலர் முதலில் தடுக்கி விழும் இடம் அதுவே.

பின்சாய்வுக் கோட்டை இரட்டித்து எழுதினால் இப்பிழை நீங்கும். அவ்வாறே எழுதினோம். ஆறு ஒன்றியங்களும் பட்டியலுக்குத் திரும்பின.

இரண்டாம் பொய்

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம் இல்லங்களில் செய்த மாற்றத்தை இங்குள்ளோர் அறிவர். அக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. நம் மாணவர் இருவர் தம் மடிக்கணினிகளைக் கழகப் பணிக்குக் கொணர்ந்து, லினக்ஸில் நிரலை ஓட்டினர். இம்முறை பதினொரு ஒன்றியங்களுக்கும் "இல்லை" என்றே வந்தது.

லினக்ஸில் பின்சாய்வுக் கோடு பிரிகுறி அன்று. பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்துகளுள் ஒன்று. ஆதலின் நாம் எழுதிய நீண்ட பாதை முழுவதையும் அது ஒரே கோப்பின் பெயராகக் கொண்டது. அப்படி ஒரு பெயருடைய கோப்பு எங்கும் இல்லை. ஆகவே இல்லை என்றது. மேலும் விண்டோசின் பாதை 'சி:' 'டி:' என்னும் வட்டெழுத்தோடு தொடங்கும். லினக்ஸில் அத்தகைய எழுத்தே கிடையாது. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.

நிரலை எழுதிய மாணவர், தமக்கு இத்துறை வாராது எனக் கூறி இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. இதை ஏன் சொல்கிறோம் எனின், நம் பிள்ளைகள் பிழை நேரும்பொழுதெல்லாம் அதைத் தம் தகுதியின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும்படி பல தலைமுறைகளாகப் பழக்கப்பட்டுள்ளனர். உண்மையில் அவர் தடுக்கி விழுந்த இடத்தில் உலகின் தேர்ந்த பொறியாளர்களும் விழுந்திருக்கின்றனர். அவர்கள் விழுந்ததனால்தான் அதற்குரிய மருந்தும் பிறந்தது.

அம்மருந்தின் சாரம் ஒரே வரியில் அடங்கும்: பாதை என்பது வெறும் எழுத்துச் சரம் அன்று. முகவரியில் கதவு எண், தெரு, ஊர் எனப் பகுதிகள் இருப்பது போலப் பாதைக்கும் பகுதிகள் உண்டு. அப்பகுதிகளை நிரல் தனித்தனியே அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த இயங்குதளத்தின் வாசலில் நிற்கிறதோ அதன் வழக்குப்படி அவற்றைக் கோத்துச் சொல்ல வேண்டும். 1984-இல் வெளிவந்த காமன் லிஸ்ப் மொழி நூலிலேயே, பாதையை ஆறு உறுப்புகளாகப் பகுத்து வைக்கும் முறை கூறப்பட்டுள்ளது. 2011-இல் ஜாவாவின் ஏழாம் பதிப்பும், 2017-இல் சி++ மொழியின் தரமும் பாதையைத் தனிப்பொருளாக ஏற்றன. பைத்தானில் ஆன்டுவான் பித்ரூ என்பவர் முன்மொழிந்த பாத்லிப் என்னும் தொகுதி, 2014-இல் வெளிவந்த 3.4 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

பாத்லிப்பில் சுவையான ஓர் ஏற்பாடு உண்டு. வகுத்தலுக்குரிய / என்னும் குறியையே இரு பகுதிகளை இணைக்கும் குறியாக அது கையாள்கிறது. பாதை("சான்றுகள்") / "நரிக்குடி" / "வருமானம்" என்னும் பாங்கில் எழுதினால் போதும். விண்டோசில் அது பின்சாய்வுக் கோட்டோடும் லினக்ஸில் முன்சாய்வுக் கோட்டோடும் தானே உருப்பெறும். உறையின் பெயர், தாய் உறை, கோப்பின் பின்னொட்டு ஆகியவற்றைக் கேட்டால் தனித்தனியே தரும். லினக்ஸில் இருந்துகொண்டே விண்டோஸ் பாதையொன்றைப் பகுத்தறியவும் அதில் வழி உண்டு. வட்டைத் தொடாமல் பாதையின் வடிவத்தை மட்டும் ஆராயும் வகை அது.

நிரலைத் திருத்தினோம். வகுப்பை விட்டு நின்ற மாணவரையே அழைத்துத் திருத்தச் செய்தோம். நாற்பது இடங்களில் எழுதியிருந்த பாதைகளை அவர் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்.

மூன்றாம் பொய்

இதன்பின் வந்த பட்டியலில் பெரும்பாலான பெயர்கள் சரியாக இருந்தன. எனினும் சிற்சில பிள்ளைகளுக்கு மட்டும், ஊர் வேறுபாடின்றி, "இல்லை" என வந்தது. கோமதி, பொன்னுத்தாய், மனோகரன் என்பன போன்ற பெயர்கள் விடுபட்டன. மாரியம்மாள், முருகன் என்பன போன்ற பெயர்கள் விடுபடவில்லை. இது நம்மைத் திகைக்கச் செய்தது.

தாள்களில் ஒரு பகுதியைச் சிவகாசி அச்சகம் ஒன்றில் பணியாற்றும் நம் உறுப்பினர், அங்கிருந்த பழைய மேக் கணினியில் சேமித்து, ஒரே கட்டாக அழுத்தி அனுப்பியிருந்தார். விடுபட்டவை எல்லாம் அவர் அனுப்பியவை. அவற்றுள்ளும் ஒகரமோ ஓகாரமோ ஏறிய எழுத்துள்ள பெயர்கள் மட்டுமே.

இதன் விளக்கம் தமிழர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. 'கோ' என்பதை நாம் இரட்டைக்கொம்பும் காலும் இட்டு எழுதுகிறோம். யூனிகோடு முறையில் ஓகாரக் குறிக்கு ஒரே எண்ணும் உண்டு. இரட்டைக்கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் எனப் பிரித்து எழுதும் வகையும் உண்டு. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இவ்வாறே. இரண்டும் ஒன்றே எனக் கொள்ளுதல் யூனிகோட்டின் விதி. திரையிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் 1998-இல் வந்த எச்.எப்.எஸ். பிளஸ் என்னும் மேக் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்து வைத்தது. நாம் தட்டச்சு செய்த பெயர்ப்பட்டியலோ சேர்ந்த வடிவில் இருந்தது. லினக்ஸ் பெயர்களை எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பார்ப்பது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது அதற்கு இரண்டு. 'கோப்பு' என்னும் சொல்லுக்கே இத்தகைய இரு வடிவங்கள் உண்டு என்பதைக் கருதிப் பாருங்கள். 2017 முதல் மேக் கணினிகளில் வந்த புதிய கோப்பு முறைமை பெயரை எழுதியவாறே காக்கிறது. ஆயினும் பழைய கட்டுகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

பெயர்களை ஒப்பிடுமுன் இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருதலே இதற்கு வழி. அதற்கான செயல் பைத்தானிலேயே உண்டு. ஒரு வரி சேர்த்தோம். கோமதிகளும் மனோகரன்களும் வந்து சேர்ந்தனர். விண்ணப்பத்துக்குரிய கடைசி நாளுக்கு நான்கு நாட்களே எஞ்சியிருந்தன.

இளைஞர்க்குச் சில சொற்கள்

பாதையைப் பொருளாகக் கொண்டுவிட்டால் எல்லா இடரும் தீர்ந்துவிடும் என எண்ண வேண்டா. மொழி காக்காத சிலவற்றை எழுதுவோரே காத்தல் வேண்டும்.

முதலாவது, ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸில் வேறு வேறு. விண்டோசில் பொதுவாக ஒன்றே. எல்லாவற்றையும் சிற்றெழுத்தில் இடும் கட்டுப்பாடு நல்லது.

இரண்டாவது, அலுவலகக் கடித எண்களில் வரும் சாய்வுக் கோட்டைக் கோப்பின் பெயரில் இடலாகாது. அது பாதையைப் பிளந்துவிடும். முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி ஆகியவற்றை விண்டோஸ் ஏற்பதில்லை. 'கான்', 'நல்' என ஒலிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலப் பெயர்களையும் டாஸ் காலத்திலிருந்தே தனக்கென ஒதுக்கி வைத்துள்ளது.

மூன்றாவது, தமிழ்ப் பெயரின் நீளம். லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே இடம் தருகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கும். 'நரிக்குடி' என்னும் சொல்லே, மெய், புள்ளி, உயிர்க்குறி என ஒன்பது குறிகளாகி 27 பைட்டுகள் கொள்கிறது. ஆகவே 85 குறிகளோடு நம் பெயர் முடிந்தாக வேண்டும். விண்டோசில் இதைவிட நீண்ட தமிழ்ப்பெயர் செல்லும். அதை லினக்ஸுக்குப் படியெடுக்க முயலும்பொழுது தடைப்படும். விண்டோசிலோ முழுப் பாதையும் 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்னும் பழைய எல்லை பல நிரல்களில் இன்றும் உண்டு.

நான்காவது, முழுப் பாதையை நிரலுக்குள் பதித்து வைக்கலாகாது. சிவகாசி அச்சகங்களில் பக்க வடிவமைப்புச் செய்யும் நம் தம்பிமார் இதை அனுபவத்தால் அறிவர். நாட்காட்டியின் பக்கத்தை வேறு கணினிக்கு மாற்றினால், படங்கள் பழைய வட்டின் முகவரியிலேயே தேடப்பட்டு, காணோம் எனக் காட்டும். நிரல் தான் இருக்கும் இடத்தை அறிந்து அங்கிருந்து வழி காணுமாறு எழுதுதல் வேண்டும். வேர் உறையின் பெயர் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும்.

இதன் பயனை அண்மையில் கண்டோம். 2025 ஏப்ரல் திங்களில், 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் கழகக் கணினியிலும் பல உறைகளின் பெயரில் அச்சொல் இருந்தது. நாமே இட்ட பெயர்! ஊரார் சொன்னதைக் கேட்டுக் கேட்டு நம் கையும் அதையே எழுதியிருந்தது. பழைய நிரலாயின் நாற்பது இடங்களில் தேடித் திருத்தியிருக்க வேண்டும். பாதைகள் ஓரிடத்தில் இருந்தமையால் ஒரு மாலைக்குள் உறைகளின் பெயரை மாற்றினோம். எந்தப் பிள்ளையின் சான்றும் தொலையவில்லை.

அன்பார்ந்த இளைஞர்களே! உள்ள தாளை இல்லை எனக் கேட்டுத் திரும்பிய அனுபவம் நம் பெற்றோர் பலர்க்கு உண்டு. அன்று சொன்னவர் மனிதர். அவரோடு வாதாட முடிந்தது. இனி அதைச் சொல்லப்போவது நிரல். நிரல் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் எனப் பலர் நம்பிவிடுகின்றனர். நம் நிரலோ, யார் மீதும் பகையில்லாமல், முதலெழுத்தைப் பார்த்து ஆறு ஒன்றியங்களை விலக்கிற்று. ஓகாரத்தைப் பார்த்துக் கோமதிகளை விலக்கிற்று. அதைக் கண்டுபிடிக்க முடிந்தது எதனால்? தாள்களைக் கையால் வாங்கியவர்கள் அருகில் இருந்ததனால். நிரலைத் திறந்து படிக்கத் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருந்ததனால். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அவ்வாண்டு உதவித்தொகை தவறியிருக்கும்.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. எழுதிய நிரலை இரண்டு இயங்குதளங்களிலேனும் ஓட்டிப் பாருங்கள். நரிக்குடியையும் திருச்சுழியையும் வைத்துச் சோதியுங்கள். கோமதியின் பெயரையும் வைத்துச் சோதியுங்கள். நிரல் "இல்லை" என்றால், உறையை ஒருமுறை கையால் திறந்து பாருங்கள். அன்று வகுப்பை விட்டு நின்ற மாணவர் இன்று நம் கணினி வகுப்பின் ஆசிரியராக இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். தம் முதல் பாடத்தில் அவர் மாணவர்க்குக் காட்டுவது, தாம் எழுதிய பிழையான அந்தப் பழைய நிரலையே.